பருந்து, பாயிண்டர் நாய், முயல்: ஃபால்கன்ரி வேட்டைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழக்கிய வேட்டைப் பறவையை வைத்து வேட்டையாடுவதுதான் ஃபால்கன்ரி. பழக்கிய பருந்தை வைத்து முயல் பிடிக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் பருந்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஆனால் புதருக்குள் முயல் எங்கே பதுங்கியிருக்கிறது என்று பருந்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நாய்க்குத்தான் தெரியும். நாய் மோப்பம் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும், பருந்து உயரத்தில் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் நாம் முயலைக் கிளப்ப வேண்டும். இந்த மூவரில் ஒருவர் அவசரப்பட்டாலும் முயல் வளைக்குள் போய்விடும். அதனால் பருந்துக்குக் கொடுக்கும் அளவு இடத்தை நாய்க்கும் கொடுத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு, அதிலும் நான் பழகிய டெக்சஸ் புதர்க்காட்டுக்குப் பொருந்தும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்தைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், காட்டு முயலை வேட்டையாடுவதும் குற்றம். ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள்.

உரிமம்

அமெரிக்காவில் ஹவாய் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் ஃபால்கன்ரிக்கு அனுமதி உண்டு. 2014 முதல் மத்திய அரசு தனியாக உரிமம் கொடுப்பதில்லை. விதிகளின் அடிப்படையை அது வகுக்கிறது, உரிமத்தை மாநில வனவிலங்குத் துறை கொடுக்கிறது. அப்ரென்டிஸ், ஜெனரல், மாஸ்டர் என மூன்று படிகள். அப்ரென்டிஸ் ஆக 12 வயது நிரம்பியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும், கூண்டையும் சாமான்களையும் அதிகாரிகள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மேலாக ஒரு ஸ்பான்சர் வேண்டும். ஜெனரல் படியில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொண்டால்தான் கதவு திறக்கும்.

ஸ்பான்சர் தேடுவதைச் சடங்காக நினைக்க வேண்டாம். உரிமம் வாங்கும் முன்பே ஒரு முழு குளிர்காலம் அவருடன் புதரை அடித்துக்கொண்டு நடங்கள். மழையிலும் முள்ளிலும் நாள் முழுக்க நடந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் நாளும் உங்களுக்குப் பிடித்திருந்தால் தொடரலாம். பிடிக்கவில்லை என்றால் அப்போதே விட்டுவிடுவது பறவைக்கு நல்லது.

ஃபால்கன்ரி உரிமம் இருந்தாலும் வேட்டை லைசென்ஸ் தனியாக வேண்டும். டெக்சஸில் முயலுக்கு மூடிய சீசன், அதாவது வேட்டைக்குத் தடையுள்ள காலம், கிடையாது, மற்ற மாநிலங்களில் தேதி பார்க்க வேண்டும். டெக்சஸில் நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. சொந்தக்காரரிடம் அனுமதி கேட்காமல் வேலியைத் தாண்டக் கூடாது, பருந்து தாண்டிப் போய்விட்டாலும் கூட.

எந்தப் பறவை

நாயோடு முயல் வேட்டைக்கு என் தேர்வு ஹாரிஸ் பருந்து. அரிசோனா, நியூ மெக்சிகோ, டெக்சஸ் தொடங்கித் தென் அமெரிக்கா வரை வாழும் பறவை இது. வேட்டைப் பறவைகளில் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுவது மிக அரிது. ஹாரிஸ் பருந்துகள் குடும்பமாகச் சேர்ந்து, ஒன்று புதரில் இறங்கி முயலைக் கிளப்ப மற்றவை வெளியே காத்திருந்து பிடிக்கும். நம்மையும் நாயையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும் குணம் அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது.

ஆண் பெரும்பாலும் 550 முதல் 700 கிராம் இருக்கும், பெண் 800 முதல் 1,100 கிராம் வரை. காட்டன்டெயில் என்னும் சிறிய முயல் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், அதற்குப் பெண் பருந்து நன்றாகப் பொருந்தும். 2 முதல் 3 கிலோ எடையுள்ள ஜாக்ராபிட் என்னும் பெரிய முயல் உதைத்தால் சின்னப் பறவை காயப்படும். ஆண் பருந்தை வைத்து ஜாக்ராபிட் மேல் ஆசைப்பட வேண்டாம்.

புதியவர்கள் பலர் செவ்வால் பருந்தில் தொடங்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு வயதுக்குட்பட்ட காட்டுப் பறவையை, சுருக்குக் கண்ணிகள் கட்டிய பால்சத்ரி என்னும் சின்னக் கம்பிக் கூண்டால் பிடிப்பார்கள். இந்தப் பொறி இந்தியாவிலிருந்து உலகமெங்கும் பரவியது. செவ்வால் வலுவான பறவை, முயலுக்கு அருமையானது. ஆனால் தனியாக வேட்டையாடிப் பழகியது, நாயைச் சகித்துக்கொள்ள நாள் பிடிக்கும்.

கூண்டும் சாமானும்

8 அடிக்கு 8 அடி அறை, வெயில் வர ஒரு ஜன்னல், செங்குத்தான கம்பிகள் (வலை போட்டால் சிறகு ஒடியும்), நாய்களும் ராக்கூன்களும் நுழைய முடியாத அடைப்பு, பறவை தப்பாமலிருக்க இரட்டைக் கதவு. உட்காரும் தண்டில் செயற்கைப் புல் விரிப்பைச் சுற்றுங்கள். வழுவழுப்பான தண்டில் நாள் முழுக்க உட்காரும் பறவைக்கு உள்ளங்காலில் புண் வந்து வீங்கும், ஆறுவது கடினம்.

கைக்குத் தடித்த தோல் கையுறை, பறவையின் காலுக்குத் தோல் பட்டை, அதில் கோத்த கால்வார், முறுக்கு விழாமலிருக்கச் சுழல் வளையம், கட்டும் கயிறு, மணி. காட்டில் பறக்கவிடும்போது கால்வாரின் நுனியில் பிளவு இருக்கக் கூடாது. கிளையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கும் பறவை உயிரோடு இறங்குவது அதிர்ஷ்டம். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள்கள் இரண்டு: ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு, ஜிபிஎஸ் ட்ரான்ஸ்மிட்டர்.

எடை

வேட்டைப் பறவை அன்பினால் நம்மிடம் வருவதில்லை. பசியினாலும், நம்மிடம் வந்தால் நல்லது நடக்கும் என்ற அனுபவத்தினாலும் வருகிறது. பசி குறைவாக இருந்தால் மரத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதிகமானால் உடல் தளர்ந்து, குளிரான ஓர் இரவில் செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடம்தான் பறக்கும் எடை. அது ஒவ்வொரு பறவைக்கும் வேறு, அதே பறவைக்கும் மாதத்துக்கு மாதம் வேறு.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நோட்டில் தேதி, எடை, கொடுத்த உணவின் அளவு, வெப்பநிலை, பறவை எப்படி நடந்துகொண்டது என்று எழுதுங்கள். ஓர் ஆண் பருந்து 630 கிராமில் கூப்பிட்டவுடன் வந்தது, 650-இல் தலையைத் திருப்பிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 630-க்கு அருகில் என்று தற்காலிகமாக எழுதிவையுங்கள். அப்புறம் அதை மெல்ல ஏற்றிப் பார்ப்பதுதான் திறமை. தசை கூடக்கூட, நம்பிக்கை வளர வளர, 640-லும் 645-லும் அது வரத் தொடங்கும். நன்றாக வேட்டையாடும் எடைகளில் எது அதிகமோ அதுவே சரியான எடை. குளிர் கடுமையான நாளில் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

தராசை மட்டும் நம்பாதீர்கள். நெஞ்செலும்பின் இருபுறமும் விரலால் தடவுங்கள். எலும்பு கத்திமுனையாகத் தட்டுப்பட்டால் பறவை இளைத்திருக்கிறது. எச்சத்தைப் பாருங்கள், வெள்ளையும் நடுவில் கறுப்புமாக இருந்தால் நலம். மரகதப் பச்சையாகப் போனால் வயிறு காலியாக, உடலே உடலைத் தின்கிறது என்று பொருள். சிறகைச் சிலிர்த்து, பகலில் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் அன்று வேட்டை கிடையாது, மருத்துவர்தான்.

உணவுக்குக் காடை, ஒரு நாள் கோழிக்குஞ்சு, எலி, முயல். ரோமமும் எலும்பும் சேர்ந்து போனால் மறுநாள் காலையில் அதை ஓர் உருண்டையாகக் கக்கும். கக்குவதற்கு முன் புதிதாகத் தீனி போடக் கூடாது. புறாவைத் தவிர்த்துவிடுங்கள், அதன் வழியாகத் தொண்டைப் புண் நோய் வரும். துப்பாக்கியால் சுட்ட இறைச்சியும் வேண்டாம். ஈயத்துணுக்கு ஒன்று உள்ளே போனாலே பறவையைக் கொன்றுவிடும்.

பழக்குவது

முதல் சில மாலைகள் ஒன்றும் செய்யாதீர்கள். பறவையைக் கையுறையில் வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில், வீட்டுச் சத்தங்களுக்கு நடுவே உட்கார்ந்திருங்கள். கையுறையில் இறைச்சித் துண்டை அது பார்க்கும்படி வைத்திருங்கள். நம் எதிரில் தலையைக் குனிந்து சாப்பிட அது துணிவதுதான் முதல் படி. குனியும்போது அதனால் நம்மைக் கண்காணிக்க முடியாது, அதனால் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது, தண்டிலிருந்து கையுறைக்கு ஒரு அடி எடுத்து வைப்பது. அப்புறம் ஒரு தாவல். அப்புறம் மெல்லிய நீளக் கயிறு கட்டி 5 மீட்டர், 10 மீட்டர், 30 மீட்டர் வரை. விசிலுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை இந்த நாட்களிலேயே பதிய வைக்க வேண்டும். கூடவே பொய்யிரைக்கும் பழக்குங்கள். முயல் தோலைச் சுருட்டிக் கயிற்றில் கட்டி இழுத்து, அது பாய்ந்து பிடித்ததும் அதன் மேலேயே நன்றாக ஊட்டுங்கள். பறவை தொலைந்துபோகும் நாளில் விசிலுக்கு வராதது பொய்யிரைக்கு வரும், எனவே அதை அவசரத்துக்கென்று சேமித்துவையுங்கள்.

கயிற்றில் 30 மீட்டர் தூரத்திலிருந்து தயங்காமல் உடனே வருகிறது என்றால் கயிற்றைக் கழற்றலாம். நேற்று வந்தது, இன்று ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு வந்தது என்றால் கழற்றக் கூடாது.

நாய்

நம் ஊர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் முயலைக் கண்ணால் பார்த்து, துரத்தி, தானே பிடிக்கும் நாய்கள். பருந்தோடு போகும் நாய் அதற்கு நேர்மாறு. மூக்கால் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததும் நின்றுவிட வேண்டும், முயல் கண்ணெதிரே பாய்ந்தாலும் துரத்தக் கூடாது. துரத்தும் நாய் பருந்து இறங்கும் இடத்துக்கே போய்ச் சேரும், இரண்டில் ஒன்றுக்கு அடிபடும்.

பிரிட்டனி, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், ஹங்கேரியின் விஸ்லா மூன்றும் இதற்கு நல்ல இனங்கள். மோப்பம் பிடித்ததும் அசையாமல் நின்று காட்டும் இவற்றைப் பாயிண்டர் நாய்கள் என்பார்கள். முயலைக் கிளப்பும் ஸ்பேனியல், பீகிள், டாக்ஸ்ஹண்ட் ஆகியவற்றை வைத்து வேட்டையாடுபவர்களும் நிறைய இருக்கிறார்கள். அடர்ந்த புதரில் அவை நன்றாக வேலை செய்யும். ஆனால் எந்த நொடியில் முயல் கிளம்பும் என்று நம்மால் சொல்ல முடியாது. பாயிண்டர் நின்றுவிட்டால் பருந்து நல்ல கிளைக்கு மாற நேரம் கிடைக்கிறது, நாமும் முயல் ஓடும் திசையை யோசிக்க நேரம் கிடைக்கிறது. என் மனம் பாயிண்டர் பக்கம்தான்.

நாய் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காடை, ஃபெசன்ட் போன்ற பறவைகளை வேட்டையாடுபவர்கள் தங்கள் நாய் முயலை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்று பழக்குவார்கள். அப்படிப் பழகிய பெரிய நாயை வாங்கினால் முயலைத் தாண்டிப் போகும். குட்டியாக வாங்கி நாமே வளர்ப்பது மேல்.

குட்டிக்குக் கூப்பிட்டால் வருவது முதல் பாடம், ‘வோ’ என்றால் நின்ற இடத்தில் நிற்பது இரண்டாம் பாடம். முற்றத்தில், சாப்பாட்டுத் தட்டின் முன், வாசற்படியில், நடைபோகும் வழியில் எங்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். தட்டுக்கு இரண்டடி முன்னே ‘வோ’ சொல்லி நிறுத்தி, ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம் என நீட்டுங்கள். அப்புறம் ஒரு பந்தை அதன் மூக்கின் முன் உருட்டுங்கள். பந்து ஓட நாய் நிற்கப் பழகியபின் ஒரு முயல் தோலைக் கயிற்றில் கட்டி வேகமாக இழுங்கள். நின்றால் நிறையப் பாராட்டு, ஓடினால் திட்டாமல் தூக்கி வந்து பழைய இடத்திலேயே நிறுத்துங்கள். இதை முடிக்க ஓர் ஆண்டு ஆகும். எனவே நாயை முதலில் பழக்குங்கள், பருந்தை அப்புறம் வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் பெரும்பாலும் நாயை வீட்டில் விட்டுவிட்டு வேட்டைக்குப் போகிறார்கள்.

இரண்டையும் சேர்ப்பது

காட்டில் ஹாரிஸ் பருந்துக்குக் கோயோட் என்னும் ஓநாய் போன்ற காட்டு விலங்கு பகை. நாயைப் பார்த்தால் அதற்குக் கோயோட் நினைவுதான் வரும். பயந்து பறக்கலாம், இல்லையென்றால் நாயின் முகத்தில் நகத்தைப் பதிக்கலாம். ஒருமுறை மூக்கில் நகம் இறங்கிய குட்டி, பருந்தின் மணிச் சத்தம் கேட்டாலே ஒதுங்கும்.

எனவே தூரத்திலிருந்து தொடங்குங்கள். நாய் பத்து மீட்டர் தள்ளிப் படுத்திருக்கட்டும், பருந்து கையுறையில் சாப்பிடட்டும். நாள்தோறும் ஒரு மீட்டர் நெருங்குங்கள். நாய் தெரியும்போதெல்லாம் பருந்துக்கு உணவு வர வேண்டும், நாய் போனதும் உணவும் நிற்க வேண்டும். சில வாரங்களில் பருந்து நாயைத் தேடத் தொடங்கும். அப்புறம் கயிற்றில் பறக்கும் பயிற்சிகளிலும் நாய் ஓரமாகப் படுத்திருக்கட்டும். பருந்து தரையில் இறங்கினால் நாய் உடனே படுக்க வேண்டும், இதற்கு விலக்கே கிடையாது.

வேட்டை நாள்

டெக்சஸ் புதர்க்காடு நம்மூர்க்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது. மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, அடியில் சப்பாத்திக்கள்ளி. காட்டன்டெயில் முயல் அந்தக் கள்ளிப் புதருக்குள்தான் படுத்திருக்கும். விரியன்கள் அடங்கிக் கிடக்கும் குளிர்ந்த மாதங்களே நாய்க்குப் பாதுகாப்பு.

வீட்டில் எடை போட்டு, ட்ரான்ஸ்மிட்டரைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் மின்கம்பம் எங்கே, முள்கம்பி வேலி எங்கே, மேலே காட்டுச் செவ்வாலோ கழுகோ வட்டமிடுகிறதா என்று பாருங்கள். மின்கம்பம் பருந்துக்கு மிகப் பிடித்த உட்காருமிடம், உயிரை எடுப்பதும் அதுதான். கம்பம் உள்ள இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் போங்கள்.

காற்றை எதிர்கொண்டு நடந்தால்தான் நாய்க்கு வாசனை வரும். பருந்தை மரத்துக்கு விடுங்கள். மரம் இல்லாத இடத்தில் உயரமான கழியின் மேல் குறுக்குத்தண்டு வைத்து அதில் ஏற்றி நடக்கலாம். உயரத்திலிருந்து இறங்கும் வேகம்தான் பருந்தின் பலம். நாய் முன்னே வளைந்து வளைந்து தேடும், நாம் நடக்க நடக்க பருந்து மரத்துக்கு மரம் தாவி வரும்.

நாய் நின்றதும் ஓடாதீர்கள். அதன் மூக்கு எங்கே திரும்பியிருக்கிறது, தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். பல நாய்கள் பறவைக்குத் தலையை உயர்த்தியும் முயலுக்குத் தாழ்த்தியும் நிற்கும். பருந்து எங்கே இருக்கிறது? பின்னால் தங்கிவிட்டதென்றால் விசில் கொடுத்துப் பக்கத்து மரத்துக்கு வரவழையுங்கள். அனுபவப்பட்ட ஹாரிஸ், நாய் நின்றதைப் பார்த்ததுமே தானாக அதன் தலைக்கு மேல் வந்து உட்காரும். இது நடக்கத் தொடங்கிவிட்டால் மூவரும் ஒரே வேட்டையில் இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்போது முயலின் இடத்திலிருந்து யோசியுங்கள். காட்டன்டெயில் நீண்ட தூரம் ஓடாது, அடுத்த புதருக்கோ வளைக்கோ பாயும். வளை இருக்கும் பக்கமாகப் போய் நீங்கள் நின்றுகொண்டு, திறந்த வெளி இருக்கும் பக்கத்தை அதற்கு விடுங்கள். கம்பால் புதரைத் தட்டுங்கள். முயல் கிளம்பியதும் ‘ஹோ ஹோ ஹோ’ என்று குரல் கொடுங்கள். எப்போதும் இதே குரல், முயல் உண்மையாகவே கிளம்பியபோது மட்டும். பொய்யாகக் கூப்பிட்டுப் பழக்கினால் பருந்து நம் பேச்சை நம்பாது.

பெரும்பாலும் முயல் தப்பிவிடும். அடுத்த புதருக்குப் போவோம்.

பிடித்த பின்

பருந்து பிடித்துவிட்டால் நாயைப் படுக்கச் சொல்லிவிட்டு ஓடுங்கள். முயலின் தலையைப் பருந்து பற்றியிருந்தால் கவலை குறைவு, இடுப்பைப் பற்றியிருந்தால் பின்னங்கால் உதையில் பறவைக்கு அடிபடும். கடைசிச் சில அடிகளைத் தாழ்ந்து, மெதுவாக எட்டி வையுங்கள். திருட வருகிறோம் என்று பருந்துக்குத் தோன்றக் கூடாது. பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்து, தலையைப் பின்னே வளைத்துக் கழுத்தை ஒரே இழுப்பில் முறித்து உயிரை உடனே போக்குங்கள். இதில் தயக்கம் கூடாது. முயலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அந்த வேகம்தான். இந்த வேலையை முதலில் ஸ்பான்சர் கையில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் முயலென்றால் அன்றைக்கு அத்துடன் போதும். பருந்து அங்கேயே வயிறு நிறையச் சாப்பிடட்டும். பிந்தைய நாட்களில் நெஞ்சைக் கிழித்து இதயத்தையோ ஈரலையோ கொஞ்சம் கொடுத்து, கையுறையில் பெரிய இறைச்சித் துண்டைக் காட்டுங்கள். அது கையுறைக்கு ஏறியதும் முயலை உடலால் மறைத்துப் பையில் போட்டுவிடலாம். நாயை மறக்காதீர்கள். பருந்து கைக்கு வந்தபின் அதைக் கூப்பிட்டுத் தடவிக்கொடுங்கள்.

முயலை அறுக்கும்போது ரப்பர் கையுறை போடுங்கள். டுலரீமியா என்னும் நோய் முயலிலிருந்து மனிதருக்குப் பரவும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பறவைக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம். 2020-இல் அமெரிக்கத் தென்மேற்கில் முயல் இரத்தக்கசிவு நோய் காட்டு முயல்களிடையே பரவியது. அது மனிதரையோ நாயையோ தாக்காது, ஆனால் நம் செருப்பில் ஒட்டி அடுத்த காட்டுக்குப் போகும். செத்துக் கிடக்கும் முயலைத் தொடாமல் துறைக்குச் சொல்லுங்கள்.

அனுமதியில்லாத பிராணியைப் பருந்து தவறிப் பிடித்துவிட்டால், அது அங்கேயே சாப்பிடலாம், நாம் எடுத்துப்போகக் கூடாது. விதி அப்படித்தான்.

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பெரிய கொம்பாந்தைகள் அந்தி நேரத்தில் கிளம்பும். மரத்தில் தங்கிவிட்ட பருந்தை அவை இரவில் கொன்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் பருந்தின் பாதத்தையும் நாயின் பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மெஸ்கீட் முள் ஒடிந்து உள்ளே இருந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும். உறைபனி இரவுகளில் ஹாரிஸை வெளியில் விடாதீர்கள். வெப்பமான நாட்டுப் பறவை அது, குளிரில் அதன் சிறகு நுனி கெட்டுப்போகும்.

சீசன் முடிந்ததும்

வசந்தம் வந்தால் வேட்டையை நிறுத்தி, பருந்துக்கு வயிறு நிறைய உணவு கொடுத்து எடையை ஏற்றுங்கள். கோடை முழுக்கச் சிறகுகளை உதிர்த்துப் புதிது வளர்க்கும். அந்த மாதங்களில் உணவு குறைந்தால் சிறகின் குறுக்கே ஒரு கோடு விழுந்து, அடுத்த சீசனில் அங்கேயே ஒடியும். காட்டிலிருந்து பிடித்த செவ்வாலைச் சிலர் இப்போது கொழுக்கவைத்துத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள், நல்ல வழக்கம் அது. கூண்டில் பிறந்த ஹாரிஸை அப்படி விடக் கூடாது. நாய்க்குக் கோடையிலும் ‘வோ’ பயிற்சியும் நீச்சலும் தொடரட்டும். செப்டம்பரில் கடைசிச் சிறகு முழுதாக வளர்ந்து அடி காய்ந்தபின், நோட்டையும் தராசையும் மறுபடி எடுங்கள். சென்ற ஆண்டின் எடையிலேயே பறக்கும் என்று நினைக்காமல், முதலிலிருந்து கண்டுபிடியுங்கள்.